ஈகையும் இன்பமும்

கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் தூண்டிலிடுவது தோட்டத் தொழிலாளர் பலர்க்கு ஓய்வுநாள் இன்பம். புதிய தூண்டில் வாங்க முனையுங்கால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை இல்லையே என்று கிறித்தவ உள்ளம் தயங்கும். அத்தயக்கம் நன்றே; ஆயினும் இன்பம் பாவமன்று. இறைவன் யாவற்றையும் துய்க்கவே அளிக்கிறார் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுலடிகள், அடுத்த அடியிலேயே ஈகையையும் வலியுறுத்தினார். கொரிந்தியரையோ, வாரத்தின் முதல் நாளிலேயே வறியோர்க்குரியதை எடுத்துவைக்கப் பணித்தார்.

எஞ்சினால் ஈவோம் என்பார்க்கு என்றும் எஞ்சுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மெதடிஸ்டு இளைஞர் ஒருவர் ஆண்டுக்கு 30 பவுண்டு பெற்று, 28இல் வாழ்ந்து, 2 ஈந்தார். 60 பெற்றபோதும் 28இலேயே வாழ்ந்து, 32 ஈந்தார் என்று ஜான் வெஸ்லி எடுத்துரைத்தார். வருவாய் வளர்ந்தது, தேவை வளரவில்லை. ஏழைக்குரிய பங்கை முன்னரே பிரித்து வைத்தவர், எஞ்சியதில் மகிழ்வது குற்றமன்று.