அதே ஷாட்

போன வாரம் அப்ரைசல் படிவத்தில் என் டீம் ஆள் ஒருவரைப் பற்றி ‘டீம் பிளேயர் இல்லை’ என்று எழுதினேன். பழைய படிவத்தைத் திறந்து பார்த்தால், இரண்டு வருடம் முன்பு அவரைப் பற்றி நானே எழுதியது: ‘யாருக்கும் காத்திருக்காமல் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார்.’ மனுஷன் மாறவே இல்லை. நடுவில் டீமை மாற்றியது நான்.

ஆலன் ஐவர்சன் ஞாபகம் வந்தார். ஆறடி உயரம், என்.பி.ஏ.வில் அது குள்ளம். பிலடெல்பியாவில் பயிற்சியாளர் லாரி பிரவுன் அவரைப் பாயிண்ட் கார்டு இடத்திலிருந்து நகர்த்தி, புள்ளி சேர்ப்பதே வேலை என்று விட்டுவிட்டார். உயரமான எதிராளியை எரிக் ஸ்னோவும் ஆரோன் மெக்கீயும் பார்த்துக்கொள்வார்கள். கூடைக்குக் கீழே முட்டோம்போ. சுற்றி இருந்த யாரும் பந்தைப் பெரிதாகக் கேட்காதவர்கள். ஐவர்சன் எறிந்ததில் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. ஆனாலும் ஆட்டத்துக்குச் சராசரி 31 புள்ளி, 2001ன் எம்.வி.பி. விருது, அணி இறுதிச் சுற்றில். அதற்கு அன்று பெயர் தைரியம்.

2006 டிசம்பரில் டென்வர் போனார். அங்கே கார்மெலோ ஆன்டனிக்கும் பந்து வேண்டும். 2008 நவம்பரில் சான்சி பில்லப்ஸுக்கு மாற்றாக டெட்ராய்ட். பில்லப்ஸோடு டென்வர் அந்த சீசனிலேயே மேற்குப் பிரிவு இறுதி வரை போனது. டெட்ராய்டின் வெற்றிகள் 59லிருந்து 39க்கு இறங்கின. அதே ஷாட்டுக்கு இப்போது பெயர் சுயநலம்.

எங்கள் தொழிலில் ஒரு லைப்ரரியின் வெர்ஷனை மாற்றினால் பழைய கோட் உடையும். அந்தக் கோடுக்குக் குணம் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை.

மனிதன் கோட் இல்லை, தெரியும். பெஞ்சிலிருந்து ஆட ஐவர்சனுக்கு மனசில்லை. 2009ல் மெம்ஃபிஸில் மூன்றே ஆட்டம். அந்தக் கணக்கு அவருடையதுதான். டெட்ராய்டில் அவருக்கு இடம்விட, 2004 சாம்பியன் அணியில் ஆடிய ரிச்சர்ட் ஹாமில்டன் சிலகாலம் பெஞ்சுக்குப் போனார். என் டீமிலும் புதிதாக வந்த இரண்டு பேருக்குத் தொட ஒரு வேலை மிஞ்சவில்லை. அவர்கள் என்னிடம் வந்து சொன்ன பிறகுதான் நான் அந்த வரியையே எழுதினேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை.

ஆனால் புது டீமில் அவருடைய வேலை என்ன என்று அவரிடம் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. நல்லா பண்றவர், தானா புரிஞ்சுக்குவார்னு விட்டுட்டேன்.

வரியை அழித்துவிட்டு, ‘டீமை மாற்றினேன், அவருடைய இடத்தைச் சொல்லவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். ஹெச்.ஆர். திருப்பி அனுப்பிவிட்டது. அந்தக் கட்டம் ஊழியரின் குறைகளுக்கு மட்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசித் தேதி. கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.