நடுவர் நம்ம ஆளா?

எங்கள் பக்கத்தில் எந்த ஊரில் கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் அடித்தாலும் கீழே ஒரு வரி இருக்கும்: "நடுவர் தீர்ப்பே இறுதியானது." முதல் பரிசு எவ்வளவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, கோப்பையைக் கொடுப்பது யார் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். இந்த வரி மாறாது. அந்த நடுவர் யார், அவரை அழைத்து வந்தது யார் என்பதை மட்டும் போட மாட்டார்கள்.

முள்ளிப்பட்டிலும் ஆரணியைச் சுற்றியுள்ள மற்ற நெசவு ஊர்களிலும் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ராத்திரி விளக்கு கட்டி ஆட்டம் நடந்தால், வெளியூர் அணி வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "அம்பயர் யாருப்பா?" மண் எப்படி, எதிரணியில் யார் நன்றாகப் பிடிப்பார் என்பதெல்லாம் அப்புறம். ஆடத் தெரிந்தவர்கள் முதலில் இதைக் கேட்கிறார்கள் என்றால், நியாயம் எங்கே உடையும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

தீர்ப்பு இறுதியானதாக இருப்பதில் தப்பில்லை. மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது சட்டென்று புரியும். ஒரே கணக்கை நாலு கணினிகள் வைத்திருந்து, ஒன்று ஐந்நூறு என்றும் இன்னொன்று நானூறு என்றும் சொன்னால், யார் சொல்வது செல்லும் என்று முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை நகராது. ஆட்டமும் அப்படித்தான். நடுவருக்குத் தப்பே வராது என்பதால் அவர் சொல்வது இறுதியாவதில்லை. யாராவது ஒருவர் முடித்து வைக்காவிட்டால் விடிய விடிய சண்டைதான் நடக்கும் என்பதால் இறுதியாகிறது. ஆனால் இறுதியானது எல்லாம் நியாயமானது ஆகிவிடுமா?

கபடியில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. தொட்டது தொட்டவருக்குத் தெரியும், தொடப்பட்டவருக்கும் தெரியும். நடுவர் மூன்றாவது ஆள். உண்மை முதலில் இருப்பது ஆடுகிற இருவரின் தோலில். அதனால்தான் விரல் நுனி பட்டாலே கையைத் தூக்கிவிட்டுத் தானாக வெளியே போகிறவரைப் பார்த்தால் எதிரணிக்காரர்களே கை தட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், "கண்டுபிடிக்க வேண்டியது அம்பயர் வேலை, நான் ஏன் சொல்லணும்?" என்ற வாதமும் இருக்கிறது. புரோ கபடியில் ரிவியூ வந்த பிறகு அந்த வாதம் இன்னும் வலுத்துவிட்டது. கேமரா இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.

தொட்டதா இல்லையா என்பது நிகழ்வைப் பற்றிய தகராறு. அதை வீரரின் நேர்மையோ கேமராவோ தீர்த்துவிடலாம். எந்த விதி செல்லும் என்று தகராறு வந்தால் ஆட்டக்காரரின் நேர்மை உதவாது, கேமராவும் உதவாது. இதற்கு 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதி ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் இல்லை.

இந்தியாவும் ஈரானும் 28-28. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. இந்தியக் கேப்டன் பவன் செராவத் ரெய்டு போகிறார். யாரையும் தொடாமலே லாபிக்குள் இறங்கிவிடுகிறார். அவரைத் தள்ளிக்கொண்டு ஈரானின் தடுப்பாட்டக்காரர்களும் லாபிக்குள் வருகிறார்கள். நடந்தது இவ்வளவுதான், எல்லாரும் பார்த்தார்கள். பழைய விதிப்படி, தொடுதல் இல்லாமல் லாபிக்குள் கால் வைத்த எல்லாரும் அவுட். புரோ கபடியில் பழக்கத்துக்கு வந்த திருத்தத்தின்படி ரெய்டர் மட்டும் அவுட், அந்த நொடியோடு ரெய்டு முடிந்தது. எது செல்லும்? தீர்ப்பு மாறியது, மறுபடியும் மாறியது. இரண்டு அணிகளும் மாறி மாறி எதிர்ப்புத் தெரிவிக்க, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் பழைய விதிப்படி இந்தியாவுக்குப் புள்ளிகள் கிடைத்தன. 33-29, தங்கம்.

அந்த விதிதான் அங்கே செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எந்த விதி யாருக்குத் தங்கம் கொடுக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பிறகு எந்த விதி என்று பேசினால், அதை எப்படி நம்புவது? ஜான் ரால்ஸ் நியாயத்தைப் பற்றி யோசிக்க ஒரு கற்பனை வைத்தார்: நமக்கு எந்த இடம் வாய்க்கும் என்று தெரியாத திரைக்குப் பின்னால் நின்று விதியை வகுக்க வேண்டும். ஹாங்சோவில் திரை விலகிய பிறகு விதியைத் தேடினார்கள். தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கலாம். ஈரான்காரர் அதை நம்ப ஒரு வழியும் இல்லை.

இதில் இந்தியா வெறும் ஒரு அணி அல்ல. கபடியின் வீடே இந்தியாதான். சர்வதேசச் சம்மேளனத்தின் தலைவராக நீண்ட காலம் இருந்த ஜனார்தன் சிங் கெலாட் இந்தியச் சம்மேளனத்திலும் கோலோச்சியவர். அந்தச் சம்மேளனத்தை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு ஒரு நிர்வாகியிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பணம் புழங்குகிற லீக்கும் இங்கேதான். அந்த இறுதி ஆட்டம் முடிந்த சில நாட்களிலேயே புரோ கபடி ஏலம் நடந்தது. பவனை 2.605 கோடி ரூபாய்க்குத் தெலுகு டைட்டன்ஸ் எடுத்தது, ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயியை 2.35 கோடிக்குப் புனேரி பல்தான் எடுத்தது. ஈரான் வீரர்களின் பிழைப்பும் நம் லீக்கில் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தால், அது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் பாதி உலகம் சந்தேகப்படும். அப்படிச் சந்தேகப்படுவதைக் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது.

உள்ளூர் நடுவருக்கும் இதேதான் நடக்கிறது. அவர் நேர்மையானவராக இருந்தால் அவர்தான் முதல் பலி. சரியான தீர்ப்பு சொன்னாலும் "நம்ம ஆளுன்னு குடுத்துட்டாரு" என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து சொந்த ஊருக்கு எதிராகக் கொஞ்சம் சாய்ந்தால் அதுவும் அநியாயம். அடுத்த பலி, ஜெயித்த உள்ளூர் அணி. வியர்வை சிந்தி ஜெயித்த கோப்பையின் மேலே ஒரு கறை. பொது நடுவர் தப்பு செய்ய மாட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய தப்பு இன்றைக்கு உன் தலையில், நாளைக்கு என் தலையில் விழும். ஆட்டத்தில் தாங்கிக்கொள்ள முடிந்த தப்பு அது ஒன்றுதான்.

அப்படியானால் பொது நடுவர் வேண்டும் என்று யார் கேட்க வேண்டும்? வழக்கமாகக் கேட்பது பலவீனமான பக்கம், வெளியூர் அணி. அது கேட்டால் "தோத்துடுவோம்னு பயமா?" என்று வாயை அடைத்துவிடலாம். என் எண்ணம், கேட்க வேண்டியவர்கள் விசில் யார் கைக்கு எட்டுகிறதோ அவர்கள்தான். அவர்கள் கேட்டால் அது புலம்பலாகப் படாது. கேட்டது கிடைக்கவும் செய்யும்.

ஜெயித்த பிறகு விட்டுக்கொடு என்று நான் சொல்லவில்லை. அது மனிதர்களால் எளிதில் ஆகாது. அயர்லாந்தில் கேலிக் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம் உண்டு. பணம் வாங்காமல் சொந்த மாவட்டத்துக்காக ஆடுகிற ஆட்டம், நம்ம ஊர்க் கபடிக்கு மனசளவில் சொந்தக்காரன். 2010 லெய்ன்ஸ்டர் இறுதியில் லௌத் என்ற சின்ன மாவட்டம், 1957க்குப் பிறகு முதல் பட்டத்துக்குச் சில நொடிகள் இருக்கும்போது, மீத் அணியின் ஒரு கோலில் தோற்றது. பந்தைக் கையோடு கோட்டுக்கு அப்பால் கொண்டுபோன கோல் அது. தப்பு நடந்துவிட்டது என்று நடுவரே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் மறு ஆட்டத்துக்கு உத்தரவிட விதியில் இடமில்லை என்றது சங்கம். மீத் முன்வந்து கொடுத்தால்தான் உண்டு. மீத் கொடுக்கவில்லை.

மீத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் நம் ஊர்ப் பையன்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்தைத் தறிக்குழியிலிருந்து தூக்கிவிடலாம். கைக்கு வந்த வெற்றியை "இது எனக்குரியது இல்லீங்க" என்று திருப்பிக் கொடு என ஒரு இருபது வயதுப் பையனிடம் கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை? அவனை அந்த இக்கட்டில் நிறுத்தாமல் இருப்பது பெரியவர்களின் கடமை. நோட்டீஸ் அடிக்கும் முன்பே, யார் ஜெயிப்பார் என்று தெரியாத நேரத்திலேயே, நடுவரையும் விதியையும் முடிவு செய்துவிட வேண்டும். அப்போது விட்டுக்கொடுப்பதற்கு ஆகும் விலை மிகக் குறைவு.

இது நடக்காத காரியமும் இல்லை. 1986இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி பாகிஸ்தானுக்கு வந்தது. சொந்த நாட்டு அம்பயர்களே நிற்பது அன்றைய வழக்கம். பொது நாட்டு அம்பயர் வேண்டும் என்று நின்றவர் பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான், அதாவது விசில் கையில் இருந்த பக்கம். லாகூர் டெஸ்டில் நின்ற இருவருமே இந்தியர்கள்: வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். பாகிஸ்தான் அந்த டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. ஆனால் பொது அம்பயர்கள் நிற்கும் ஆட்டத்தில் அந்த அணி சொந்த மண்ணில் ஜெயித்தால் "அம்பயர் ஜெயிச்சுக் குடுத்தாரு" என்ற பேச்சுக்கு இடமில்லை. 1994இல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு பொது அம்பயர், 2002இல் இருவருமே என்று அது உலக வழக்கமானது.

"அது கிரிக்கெட், பணம் இருக்கு" என்பீர்கள். நம் ஊருக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. முள்ளிப்பட்டு ஆட்டத்துக்கு, அன்று ஆடாத மூன்றாவது ஊரிலிருந்து நடுவர், அந்த ஊர் ஆட்டத்துக்கு இங்கிருந்து ஒருவர். போக்குவரத்துச் செலவும் ராத்திரிச் சாப்பாடும் போதும். லாபி விதி எது, போனஸ் எப்போது என்பதை ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் வாசித்துவிடலாம். கூட்டம் கத்துவது, மண் பழகியது, சொந்தக்காரர்கள் விசில் அடிப்பது எல்லாம் உள்ளூரின் சொத்து, இருந்துவிட்டுப் போகட்டும். நடுவர் வாயில் இருக்கிற விசில் மட்டும் உள்ளூருக்குச் சொந்தமாகக் கூடாது.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காகவா? எங்கள் ஊரில் கபடியைவிடப் பெரிய போட்டி ஒன்று தினமும் நடக்கிறது, கைத்தறிக்கும் விசைத்தறிக்கும். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது, குறிப்பிட்ட வகைச் சேலைகளும் அதில் உண்டு. கைத்தறி ஜெயிக்க வேண்டும் என்பதற்கான சட்டம் அல்ல அது, களத்தில் நிற்கவாவது வேண்டும் என்பதற்கானது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கும்போது, வாங்குகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. விற்கிறவருக்குத் தெரியும். இங்கேயும் தொட்டவருக்குத் தெரியும். சோதனை வேண்டும் என்று குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறவர் கேட்டால் புலம்பல் என்பார்கள். உண்மையான கைத்தறியை விற்கிற பெரிய வியாபாரி "என் கடையிலிருந்து ஆரம்பிங்க" என்று கேட்டால் சட்டத்துக்கு உயிர் வரும்.

லௌத் 2025இல் லெய்ன்ஸ்டர் பட்டத்தை வென்றது, 68 வருடங்களுக்குப் பிறகு. இறுதியில் தோற்றது அதே மீத். நல்ல முடிவுதான், ஆனால் 2010இல் ஆடியவர்களுக்கு அது ஒன்றையும் திருப்பிக் கொடுக்காது. 2026 ஆசிய விளையாட்டு ஜப்பானின் ஐச்சி-நகோயாவில். அங்கேயும் இந்தியாவும் ஈரானும் மோதும் என்று எதிர்பார்க்கலாம். அதற்கு முன்னால் லாபி விதி எது என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க வேண்டியது ஈரான் அல்ல, நாம்.