இயற்கை என்ற பெயரில்

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலை உறைபனி விழும். தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். எங்கள் பாட்டிமார் காலத்திலும் கருகியது. அதனால், "வெப்பமும் குளிரும் மாறிமாறி வரும், இயற்கை அப்படித்தான்" என்று ஒருவர் சொன்னால் மலையில் எளிதாக எடுபடும். அந்தப் பேச்சில் உண்மையும் உண்டு. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை கக்கிய மூட்டம், ஓரிரு ஆண்டுகள் உலகையே ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ் குளிரவைத்தது.

ஆனால் இப்போதைய வெப்பத்தை இயற்கையின் தலையில் கட்ட முடியாது. சூரியன் கூடுதலாகக் காய்வதுதான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேறியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கீழே சூடேறுகிறது, மேலே குளிர்கிறது. காற்றில் சேர்ந்திருக்கும் காபனும் தன் ஊரைச் சொல்லிவிடுகிறது. நிலக்கரியிலும் எண்ணெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து, கதிரியக்கம் முழுதும் அடங்கிப்போன காபன் அது. ஆலைகள் வருமுன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

மனிதர் கைபட்டால் மழையும் ஆறும் மாறும் என்ற கவலை இந்த மலைக்குப் புதிதல்ல. கோப்பிக்காகக் காடு அழிந்துகொண்டிருந்த 1873இலேயே, கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று ஆட்சியாளருக்கு அறிவுரை சொன்னார். அந்த உயரத்துக்கு மேலிருக்கும் ஹோட்டன் சமவெளி பிழைத்தது. மகாவலியும் களனியும் வளவையும் ஊறும் இடம் அது. அறிந்தவர் சொல்லை ஒருமுறை கேட்டதால் நாடு இன்றும் தண்ணீர் குடிக்கிறது.

கேளாமல் விட்டதையும் பார்த்திருக்கிறோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை, மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதையும் இயற்கை அனர்த்தம் என்றே எழுதிக்கொண்டோம். மழை இயற்கைதான். அந்தச் சரிவில் லயத்தைக் கட்டியதும், எச்சரித்த பிறகும் ஆட்களை அங்கேயே விட்டதும் மழையல்ல. புவி சூடாவதை இயற்கை என்று சொல்கிறவர்களின் பேச்சு என் காதில் மீரியபெத்தையின் குரலில்தான் கேட்கிறது. இயற்கை என்று எழுதிவிட்டால் பொறுப்புச் சொல்ல ஆளில்லை.

'மனிதனே காரணம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் என்னை உறுத்துகிறது. எந்த மனிதன்? இலங்கையில் ஓர் ஆள் ஆண்டுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு டன். உலகச் சராசரி நான்கு டன்னுக்கு மேல். விறகடுப்பும் ஒற்றை விளக்குமாக லயக்காம்பராவில் குடியிருக்கும் பெண்ணின் பங்கு அந்த ஒரு டன்னிலும் எவ்வளவு இருக்கும்?

விளைவில் மட்டும் அவள் பங்கு பெரிது. வெயில் நீண்டால் கொழுந்து எழும்பாது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம். மழை கொட்டினால், கொழுந்தில் ஒட்டிய தண்ணீருக்கென்று கிலோ கழிக்கிற வழக்கம் தோட்டங்களில் இருக்கிறது. நனைந்த படங்கோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, தராசு முள்ளையும் கணக்கப்பிள்ளையின் பென்சிலையும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.