யாரும் பார்க்காத ஐந்து மீட்டர்

கோல்ஃப் விளையாட்டில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. ஓங்கி அடித்து, பந்து 250 மீட்டர் பறந்தாலும் அது ஓர் அடிதான். குழியிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்று லேசாகத் தட்டினாலும் ஓர் அடிதான். அட்டையில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

விளையாடும் எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் சாயங்காலம் நம்ம ஊர் டிரைவிங் ரேஞ்ச் பக்கம் போய்ப் பாருங்கள். வாளி வாளியாகப் பந்து வாங்கி, டமார் டமார்னு அடிப்பவர்கள் வரிசையாக நிற்பார்கள். சிப்பிங் பழகுவதற்கென்று ஓரமாக ஒரு சின்னப் புல்தரை இருந்தால், அதில் பெரும்பாலும் மைனாக்கள்தான் நடந்துகொண்டிருக்கும்.

பெரிய அடி பார்க்க அழகு, அதனால்தான் என்று சொல்லலாம். அது பாதிக் காரணம். மீதிப் பாதி கொஞ்சம் கசப்பானது. ரேஞ்சில் அடித்த பந்து தூரத்தில் எங்கேயோ விழுகிறது. கொஞ்சம் கோணலாகப் போனாலும் "பரவாயில்ல, நல்ல அடிதான்" என்று நாமே நம்மைத் தட்டிக்கொடுக்கலாம். சிப்பிங்கில் அந்தச் சலுகை கிடையாது. பந்து கண்ணெதிரே நிற்கும். குழிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இத்தனைக்கும் அது கஷ்டமான வித்தை இல்லை. கால்களைச் சேர்த்து வைத்து, குழி இருக்கும் பக்கத்துக் காலில் உடல் பாரத்தைக் கொடுத்து, கைகள் பந்துக்குச் சற்று முன்னே இருக்கும்படி நிற்க வேண்டும். மணிக்கட்டு சும்மா இருக்கணும். பந்து தாழப் பறந்து, கிரீனில் ஓர் எட்டு தள்ளி விழுந்து, மீதித் தூரம் உருண்டு போகும். ஏழாம் எண் இரும்பால் தட்டினால் அதிகம் உருளும், வெட்ஜ் என்றால் குறைவாக. அவ்வளவுதான் சங்கதி.

எங்கே கெடுகிறது? பந்தைத் தூக்கிவிடணும் என்ற பதற்றத்தில். மணிக்கட்டைச் சுண்டுகிறோம். ஒன்று, மட்டை பின்னால் மண்ணைக் கொத்தி, பந்து ஒரு சாண் நகரும். இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு அந்தப் பக்கம் ஓடிவிடும். மட்டையின் முகமே சாய்வாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. தூக்குவது அதன் வேலை. அதை நம்பாமல் நாமும் அதே வேலையைச் செய்யப் போவதால்தான் இந்தக் கூத்து.

இப்போது என் கேள்வி. ஒரே இடத்தில் நின்று ஐம்பது பந்துகளைத் தட்டினால் அது பயிற்சியா? முப்பதாவது பந்திலிருந்து எல்லாம் குழி அருகே போய் நிற்கும். மனசு குளிர்ந்துவிடும். ஆனால் ஆட்டத்தில் கையில் இருப்பது ஒரு பந்து, ஒரு தடவை. அதனால் வேறு மாதிரி செய்து பாருங்கள். ஒரே ஒரு பந்தை எடுத்து எங்கேயாவது போடுங்கள். சிப் செய்யுங்கள். பிறகு பட்டரை எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குள் தள்ளுங்கள். இப்படிப் பத்து இடங்களில். பத்தில் எத்தனை தடவை இரண்டே அடியில் முடிந்தது? அந்த எண் சுடும். முதல் வகைப் பயிற்சி நமக்கு நம்மைப் பிடிக்க வைக்கிறது. இரண்டாவது நம்மை நமக்குக் காட்டுகிறது.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல என்று அர்ஜுனன் முறையிடுகிறான். கண்ணன் சொல்லும் வழி இரண்டு: அப்பியாசம், வைராக்கியம். நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்கு, பேச்சுத் தமிழில் வைராக்கியம் என்றால் பிடிவாதம் என்று ஆகிவிட்டது! அங்கே அதன் பொருள் பற்றின்மை. நாலாவது பந்து சொதப்பியது ஐந்தாவதைக் கெடுக்கக் கூடாது. ஐந்தாவது அருமையாகப் போனது ஆறாவதில் அலட்சியம் தரக் கூடாது.

"பற்றில்லை என்றால் எண்ணுவது எதற்கு?" என்று யாராவது மடக்கலாம். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், பற்றின்மை என்பது கண்ணை மூடிக்கொள்வது இல்லை. பத்தில் மூன்று என்றால் மூன்று. அதற்காக அழவும் வேண்டாம், அதை ஐந்து என்று சொல்லவும் வேண்டாம்.

இது பணக்காரர் ஆட்டம், நமக்கெதற்கு என்றும் கேட்பீர்கள். கட்டணத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்பெயினில் பெட்ரேனா என்ற கிராமத்தில் 1957இல் பிறந்த செவே பயஸ்தெரோஸ், கடற்கரை மணலில் ஒரே ஒரு மூன்றாம் எண் இரும்பை வைத்துக்கொண்டுதான் பழகினார். சிப்பிங்குக்குச் சற்றும் ஒத்துவராத மட்டை அது. 1979இல், 22 வயதில், பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றார். 1988இல் அதே லித்தம் மைதானத்தில், கடைசிக் குழியில், கிரீனுக்கு வெளியிலிருந்து அவர் தட்டிய சிப் உள்ளே விழாத குறையாகக் குழியை ஒட்டிப் போய் நின்றது. அந்தப் பட்டமும் அவருக்கே.

ஒரு பழைய எட்டாம் எண் இரும்பு, ஒரு பந்து, ஒரு துண்டு போதும். பந்து எங்கே விழணுமோ அங்கே துண்டை விரியுங்கள். முதல் வாரம் குழியை மறந்துவிட்டு, துண்டின் மேல் விழ வையுங்கள். பொதுத் திடலில் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தால், அவர்கள் வீட்டுக்குப் போகும்வரை காத்திருங்கள்.