பத்து லட்சத்தில் ஒருவர்

உணவுச் சேர்க்கைப் பொருள்களில் புற்றுநோய் உண்டாக்கும் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை ஆய்வகம் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. அது அறத்தின் கேள்வியும்கூட. அமெரிக்காவில் 1958இல் வந்த டெலானி விதி, மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் தரும் சேர்க்கைக்கு அனுமதியே இல்லை என்றது. அளவுக் கருவிகள் நுட்பமாக ஆக, முன்பு தென்படாத எச்சங்களும் தென்படத் தொடங்கின. மிகச் சிறிய ஆபத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அதிகாரிகள் வாதிட்டனர். சாயங்கள் தொடர்பான வழக்கில் 1987இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1996இல் பூச்சிக்கொல்லி எச்சங்கள் மட்டும் அவ்விதியிலிருந்து விலக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியமோ 2022இல், சேர்க்கைப் பொருள்களில் புற்றுநோய் தரக்கூடிய எத்திலீன் ஆக்சைடு எச்சத்துக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என வரம்பிட்டது.

பத்து லட்சத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம் என்ற ஆபத்து கணக்கில் சிறிது. ஆனால் அந்த ஒருவர் யாரென்று தெரியாததால் அவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மருந்தின் ஆபத்தை நோயாளி தன் நலனுக்காக ஏற்கிறார். மிட்டாயின் சிவப்பால் குழந்தைக்கு எந்த நலனும் இல்லை, ஆதாயமெல்லாம் விற்பவருக்கே. தானியத்தைக் காக்கும் பூச்சிக்கொல்லியின் எச்சத்துக்கு ஒரு வரம்பு வகுக்கலாம். வெறும் நிறத்துக்குச் சுழியமே நேர்மையான வரம்பு. எலிகளுக்குத் தைராய்டு புற்றுநோய் தந்த ரெட் 3 சாயம் 1990இல் அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களிலிருந்து நீக்கப்பட்டது. உணவில் அதற்கிருந்த அனுமதி 2025 ஜனவரியில்தான் ரத்தானது.