சூடிய மாலையும் பேயுருவும்

பக்தி செய்பவர் தம் உடலழகை என்ன செய்வது? தமிழ்ச் சமய மரபு இதற்கு ஒரே விடை தரவில்லை. அலங்கரித்துக்கொண்டவரும் உண்டு, அழகை உதறியவரும் உண்டு. இரு பக்கமும் முதலில் நினைவுக்கு வருபவர்கள் பாடிய பெண்கள்தாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பெருமாளுக்கென்று தொடுத்த மாலையை, மகள் ஆண்டாள் முதலில் தான் சூடி அழகு பார்த்தாள். மாலையில் தலைமுடி இருக்கக் கண்டு தந்தை பதறினார் என்பது கதை. ஆசாரப்படி அது தூய்மை கெட்ட மாலை; பெருமாளோ அதையே விரும்பிக் கேட்டார். அவள் முகம் பார்த்த கண்ணாடிக் கிணற்றைக் கோயிலில் இன்றும் காட்டுகிறார்கள். பக்கவாட்டில் சரிந்த கொண்டைக்கு அவள் பெயரே நிலைத்துவிட்டது. இடக்கையில் அமரும் கிளி, மாதுளம்பூ மூக்கும் இலைகளால் ஆன உடலுமாக நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. அவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் கள்ளழகருக்கும் புரட்டாசியில் திருமலை கருடசேவைக்கும் போகிறது. வைணவம் இதற்குத் தரும் நியாயம் எளிது: இறைவன் கண்டு மகிழவே உயிர் தன்னை அலங்கரித்துக்கொள்கிறது, செருக்குக்கு அங்கே இடமில்லை.

காரைக்கால் அம்மையார் எதிர்த்திசையில் நடந்தார். கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகியதும், அவனுக்காகத் தாங்கிய தசையழகு இனி வேண்டாமென்று பேயுரு கேட்டுப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். விலா எலும்பு துருத்த, வற்றிய மார்போடு தாளமிடும் அவருடைய வெண்கலப் படிமங்கள் சோழர் கால வார்ப்புகளிலேயே மிக அழகானவற்றுள் அடங்கும். அழகைத் துறந்தவருக்குச் சிற்பி செய்த குறும்பு என்றும் சொல்லலாம்.

இரண்டும் வேடமே. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டாம் சூத்திரத்தில் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழச் சொல்கிறது. அடியார் வேடத்தில் திருநீறு பூசி வந்து தன்னைக் குத்திய பகைவன் முத்தநாதனையும் மெய்ப்பொருள் நாயனார் பத்திரமாக ஊர் கடத்தி அனுப்பினார். உள்ளே இருப்பவர் யாரென்று அவர் ஆராயவில்லை.

பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியிடம் வரும்போது, வேடத்தையே தொழும் இந்த அளவுகோல் திணறுகிறது. 1916இல் மதுரையில், தேவதாசி மரபில் வந்த வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர் அவர். 1945இல் 'மீரா' படம். 1963இல் வெங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு. காஞ்சிப்பட்டு, மல்லிகை, இரு பக்கமும் வைர மூக்குத்தி என்ற அவரது தோற்றம் பக்தியின் உருவமாகவே ஏற்கப்பட்டது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து தந்த நீலம் 'எம்.எஸ். ப்ளூ' என்றே விலைபோனது. தேவதாசி முறைக்கு எதிரான சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1947இல். அந்தக் காலத்து சபா, சுமங்கலிக் கோலத்தைத் தொழுதது. அவருக்கு முதலில் இசை தந்த தாய்வழிச் சமூகத்தை அந்தக் கோலத்தில் காணவில்லை, காண விரும்பவும் இல்லை. ஆண்டாளும் அம்மையாரும் தம் வேடத்தைத் தாமே தேர்ந்தார்கள். எம்.எஸ். அணிந்த கோலத்தில் அவருடைய பக்தி எவ்வளவு, காலம் அவரிடம் கேட்ட விலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.