ஒற்றை நட்சத்திரம்

கூகுளில் முதல் பக்கத்தில் வருவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற தொழில் ஒன்று இருக்கிறது. எஸ்.இ.ஓ. என்பார்கள். தேடுகிறவர் கண்ணில் நம் கடை முதலில் படுகிற மாதிரி வலைத்தளத்தைச் சீவிச் சிங்காரிக்கிற வேலை. இதைச் செய்துகொடுக்கும் மென்பொருள்களை எழுதுகிறவர்களுக்குள்ளேயே ‘யார் முதலில் வருவது’ என்று ஓயாமல் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ‘நம்மில் யாருக்கு நல்ல நேரம்?’ என்று ஜோசியர்கள் அடித்துக்கொள்கிற மாதிரி.

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால், கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் உள்ளே ஒரு பழைய கேள்வி பதுங்கியிருப்பது தெரியும்.

முதலில் களம். 2003-ல் ஆரம்பித்த வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில்தான் இன்று உலக வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் ஓடுகின்றன. அதற்கு ‘ப்ளக்-இன்’ என்று துணை மென்பொருள்கள் உண்டு. மிக்ஸிக்கு ஜார் மாட்டுகிற மாதிரி, எந்த வேலை வேண்டுமோ அந்த ஜாரை மாட்டிக்கொள்ளலாம். இலவசமாகவே பல்லாயிரம் கிடைக்கின்றன. எஸ்.இ.ஓ.வுக்கு மட்டும் 2007-ல் ‘ஆல் இன் ஒன்’ வந்தது, 2010-ல் ‘யோஸ்ட்’, 2018-ல் ‘ரேங்க் மேத்’. (யோஸ்ட் என்பது அதை எழுதிய டச்சுக்காரரின் பெயர். அவர் பெயரை ஆங்கிலேயர்கள் ‘ஜூஸ்ட்’ என்று கொலை செய்ததால், உச்சரிக்கிறபடியே எழுத்தை மாற்றிக் கம்பெனிக்கு வைத்துவிட்டார். தமிழில் எழுதினால் அந்தப் பிரச்னையே இல்லை.) ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற நினைத்தால், சாமான்களை ஏற்றி வர வண்டியும் புதியவரே அனுப்புவார். பழைய ப்ளக்-இன்னில் நீங்கள் செய்துவைத்த அமைப்புகளை அப்படியே இழுத்துக்கொள்ளும் வசதி. போட்டி அந்த லட்சணத்தில் இருக்கிறது.

இந்தப் பொருள்களெல்லாம் அடுக்கிவைத்திருக்கும் அலமாரியில், ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து நட்சத்திரம். பயன்படுத்தியவர்கள் மதிப்பெண் போடலாம். அலமாரியில் யார் மேல்தட்டு, யார் கீழ்த்தட்டு என்று தீர்மானிக்கிற கணக்கில் இந்த நட்சத்திரத்துக்கும் பங்கு உண்டு. எத்தனை தளங்களில் ஓடுகிறது, கேட்ட சந்தேகங்களில் எத்தனை தீர்ந்தது என்பதெல்லாமும் சேரும். ஆனால் கண்ணில் முதலில் படுவது நட்சத்திரம்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒருத்தர் தனி ஆளாக வீட்டில் உட்கார்ந்து ஒரு ப்ளக்-இன் எழுதுகிறார். மூன்று பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். நான்காவதாக ஒருத்தர் வந்து ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போகிறார். சராசரி ஐந்திலிருந்து நேராக நாலுக்கு வந்து விழும். அதை 4.8-க்கு ஏற்ற வேண்டுமானால், மொத்தம் 19 பேர் முழுசாக ஐந்து கொடுத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விமர்சனம் வாங்கிய பெரிய கம்பெனிக்கோ அதே ஒற்றை நட்சத்திரம் கொசுக்கடி. ஒரே கல்தான், யானை மேல் விழுந்தால் ஒரு கணக்கு, அணில் மேல் விழுந்தால் ஒரு கணக்கு.

அணில் கோபப்படாமல் என்ன செய்யும்? “காசு வாங்காமல் கொடுத்தேன். அதுக்கு இதுவா மரியாதை?” என்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே!

சொன்னார்கள்தான். ஆனால், அந்த மாட்டின் பாலைக் கறந்துதான் இன்னொருத்தர் பிழைப்பு நடக்கிறது என்றால்? 2018 மார்ச்சில் யோஸ்ட்டின் புதிய பதிப்பு ஒன்றில் ஒரு கோளாறு. அப்போதெல்லாம் நீங்கள் தளத்தில் ஒரு போட்டோவை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அந்தப் போட்டோவுக்கென்றே ஒரு தனிப் பக்கத்தை உண்டாக்கும். அதில் வேறு சரக்கு ஒன்றும் இருக்காது. அதைத் திறக்க விடாமல் தடுக்கிற சுவிட்ச், பதிப்பு மாறும்போது சில தளங்களில் தானாகவே அணைந்துவிட்டது. காலிப் பக்கங்கள் கூட்டம் கூட்டமாகக் கூகுளுக்குள் போய் உட்கார்ந்தன. ‘என் தளம் தேடலில் பின்னுக்குப் போய்விட்டது’ என்று பலர் அலறினார்கள். யோஸ்ட் டி வால்க் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். குப்பையை அள்ள ஒரு தனி ப்ளக்-இன்னும் வெளியிட்டார்கள். இங்கே ஒற்றை நட்சத்திரம் போட்டவரைத் தப்பு சொல்ல முடியுமா? இலவசம் என்பது விலையைப் பற்றிய செய்தி. சேதத்தைப் பற்றிய செய்தி இல்லை.

அடுத்த வருஷம் நவம்பரில் இன்னொரு கூத்து. அமெரிக்காவின் ‘பிளாக் ஃப்ரைடே’ தள்ளுபடி சீஸன். யோஸ்ட் தன்னுடைய ப்ளக்-இன் ஓடுகிற 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் நிர்வாகப் பக்கத்தில், அசைந்தாடும் விளம்பரம் ஒன்றைக் கட்டி விட்டது. நம் வீட்டுக் கூடத்தில் வந்து அடுத்தவர் பேனர் கட்டுகிற மாதிரி. ஒற்றை நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. மன்னிப்புக் கேட்டு அவசர அவசரமாகப் பேனரை அவிழ்த்தார்கள்.

முதல் சம்பவத்தில் பிழைப்பே போயிருக்கலாம். இரண்டாவதில் போனது பொறுமை மட்டும். இன்னொருவர் ராத்திரி பதினொரு மணிக்குச் சந்தேகம் கேட்டு, விடிகிறவரை பதில் வரவில்லை என்று கடுப்பில் போட்டிருப்பார். எல்லாம் ஒரே மாதிரி ஒற்றை நட்சத்திரம்தான். சராசரி எடுக்கிற இயந்திரத்துக்கு இவற்றின் ஜாதி தெரியாது.

நாலாவது ஜாதி ஒன்று இருக்கிறது. சண்டை முழுக்க அதைச் சுற்றித்தான். ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டது வாடிக்கையாளரே இல்லை, எதிர்க்கடைக்காரர். புதுப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, பாவம்போல் ‘எதிர்பார்த்து ஏமாந்தேன்’ என்று எழுதிவிட்டுப் போவார். சந்தேகம் வந்த இவர் சும்மா இருப்பாரா? நண்பர்களைக் கூப்பிட்டு, ‘ஆளுக்கு ஐந்து போடுங்கப்பா’ என்பார். முடிந்தால் எதிர்க்கடைக்கும் ஒரு ஒன்று.

இதில் பொய் எழுதுவது தவறு என்று சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. சிக்கலான கேள்வி இதுதான்: எதிர்க்கடைக்காரர் எழுதியது உண்மையாகவே இருந்தால்? அந்தப் பொருளில் நிஜமாகவே ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அதே தொழில் தெரிந்த இவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. உண்மையைத்தான் சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை. அது குற்றமா?

2010-ல் இங்கிலாந்தில் இப்படி ஒன்று நடந்தது. ரஷ்ய வரலாற்றில் பெரிய பெயர் ஆர்லாண்டோ ஃபைஜஸ். அமேசானில் ஒரு முகமூடிப் பெயர் அதே துறையைச் சேர்ந்த மற்றவர்களின் புத்தகங்களைக் கிழித்தது. ஃபைஜஸின் புத்தகத்தை மட்டும் வானளாவப் புகழ்ந்தது. சந்தேகம் கிளம்பியதும் முதலில் வக்கீல் வழியாக மறுப்பு. பிறகு ‘எழுதியது என் மனைவி’ என்று ஒரு விளக்கம். கடைசியில், தானே என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, நஷ்டஈடும் கொடுத்தார். ஒரு பேச்சுக்கு, அந்தப் புத்தகங்கள் மோசம் என்று அவர் மனதார நம்பினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏன் நமக்கு உறுத்துகிறது?

நம் வள்ளுவர் பொய்யையும் புறங்கூறுவதையும் ஒரே மூட்டையில் கட்டவில்லை. ‘வாய்மை’யைத் துறவறவியலில் வைத்தார். ‘புறங்கூறாமை’யை இல்லறவியலில் வைத்தார். அடுத்த வீடு, எதிர்க்கடை, பக்கத்து சீட் எல்லாம் உள்ளவனுக்குத்தானே அது முதலில் தேவைப்படும்! ஆக, சொன்னது உண்மையா என்பது ஒரு கேள்வி. எங்கே நின்று சொன்னாய் என்பது வேறு கேள்வி.

ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட் 1795-ல் இதற்கு ஒரு உரைகல் கொடுத்தார். நாடுகளுக்கிடையே அமைதி பற்றிய கட்டுரையின் பின்னிணைப்பில் வருகிறது. அடுத்தவர் உரிமையைத் தொடுகிற ஒரு காரியம். அதன் உள்நோக்கத்தை வெளியே சொன்ன மாத்திரத்தில் காரியம் பலிக்காது என்றால், அந்தக் காரியம் நியாயமில்லை. ராஜாக்களுக்காக அவர் சொன்னது, ப்ளக்-இன் கடைக்காரர்களுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘நான் இதே மாதிரி ஒரு பொருளை விற்கிறவன், இவருடையதில் இன்ன ஓட்டை இருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் கொஞ்சம் தள்ளுபடி செய்துவிட்டு, ஓட்டை இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார். முகமூடி போட்டால் அந்தத் தள்ளுபடியைச் செய்யும் உரிமையை அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறீர்கள். எழுதின ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தில்தான் திருட்டு.

முகமூடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலாளியின் ஊழலை வெளியே சொல்கிற குமாஸ்தாவுக்கு முகமூடி வேண்டும். அது அவருக்குக் கவசம். அவர் வேலை போகாமல் காக்கிறது. போட்டியாளரின் முகமூடி தன் லாபத்தை மறைக்கிற திரை.

சட்டதிட்டங்கள் இல்லாமல் இல்லை. போலிக் கணக்கில் விமர்சனம் எழுதக் கூடாது, மிரட்டியோ காசு கொடுத்தோ நட்சத்திரம் வாங்கக் கூடாது, போட்டியாளரின் பெயரை உன் பொருளுக்குத் தேடுசொல்லாகக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் வேர்ட்பிரஸ் அலமாரிக்கு விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். (கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. எதிர்க்கடைப் பெயரை நம் போர்டில் எழுதி வைக்கிற சாமர்த்தியத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்திருக்கிறார்கள்!) இந்தியாவில் 2022-ல் தர நிர்ணய அமைப்பு, ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஒரு தரவிதி கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலி விமர்சனத்துக்கு அபராதமே உண்டு.

விதிக்குள் சுலபமாகச் சிக்காத ஒரு தந்திரத்தைச் சொல்கிறேன். ப்ளக்-இன்னைப் போட்டு சில நாள் கழித்து ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். ‘எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?’ ஆமாம் என்று தட்டினால், ‘அப்படியென்றால் ஒரு ஐந்து நட்சத்திரம் போடுங்களேன்’ என்று நேராக விமர்சனப் பக்கத்துக்கு அழைத்துப் போகும். இல்லை என்று தட்டினால், ‘அடடா, என்ன குறை? எங்களுக்கு மட்டும் எழுதுங்கள்’ என்று கொல்லைப்புற வழியாகக் குறைதீர்க்கும் படிவத்துக்குக் கூட்டிப் போகும்.

யாரும் பொய் சொல்லவில்லை. திருப்திப்பட்டவர் நிஜமாகவே திருப்திப்பட்டவர். குறை சொன்னவரின் வாயை யாரும் அடைக்கவில்லை. சொல்லப்போனால் அவர் குறை சீக்கிரம் தீரவும் கூடும். ஆனால், வாசலில் நிற்கிற மூன்றாவது ஆளுக்குத் தெரிவது, சிரித்த முகங்கள் மட்டும். கல்யாண வீட்டில் நன்றாகச் சாப்பிட்டவர்களை முன்வாசல் வழியாகவும், சாம்பாரில் உப்பில்லை என்றவர்களைப் பின்வாசல் வழியாகவும் அனுப்பினால் சமையல்காரர் பேர் வாங்குவதற்குக் கேட்பானேன்! தன்னுடைய கடையை ‘மேப்’பில் போடுகிற வியாபாரிகளுக்கு இந்த வேலை ஆகாது என்று கூகுளே தடை போட்டிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் எதிர்க்கடைக்காரரின் ஒற்றை நட்சத்திரத்துக்கு இது அண்ணன். ஆனால், இதைச் செய்கிறவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்.

எதிர்க்கடைக்காரர் வாயைத் திறந்தாலே பொறாமை என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு 2017-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்’ என்று சாதுவான ஒரு ப்ளக்-இன். சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. எழுதியவர்கள் அதைப் பராமரிக்க நேரமில்லாமல் 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஜூன் மாதம் புது முதலாளியின் முதல் பதிப்பு வந்தது. மறுநாளே, பிரிட்டனைச் சேர்ந்த ஒரு எஸ்.இ.ஓ. ஆலோசகர், ‘இது வெளியிலிருந்து ஏதோ ஒரு நிரலை இறக்கிக்கொள்கிறது, கவனியுங்கள்’ என்று அலமாரிக்காரர்களுக்கு எழுதினார். அவர் யார் தெரியுமா? அதே ப்ளக்-இன்னிலிருந்து கிளை பிரித்துப் போட்டிப் பொருள் ஒன்றை வைத்திருந்தவர். சாட்சாத் எதிர்க்கடைக்காரர்! முகமூடி போடாமல், தன் பெயரிலேயே எழுதினார்.

ப்ளக்-இன்னை எடுத்தார்கள். புது முதலாளி ஏதோ சரிசெய்ததாகச் சொல்ல, திரும்ப வைத்தார்கள். மறுபடி புகார். மறுபடி எடுத்தார்கள். செப்டம்பருக்குள் நாலு முறை. அந்த ப்ளக்-இன் பண்ணிய காரியம் இது: பிறத்தியார் தளத்துக்குள் ரகசியமாக விளம்பரப் பக்கங்களைச் செருகியது. அதுவும், தளத்தின் சொந்தக்காரர் உள்ளே நுழைந்து பார்க்கும்போது தெரியாது. வெளியாள் பார்க்கும்போது மட்டும் தெரியும்! எதற்கு? வேறெதற்கு, எங்கேயோ யாரோ கூகுளில் மேலே வருவதற்குத்தான்.

அந்த இரண்டரை மாதமும் பழைய முதலாளி காலத்தில் சம்பாதித்த நட்சத்திரங்கள் அதே பெயருக்குக் கீழேதான் மின்னிக்கொண்டிருந்தன. நிரலோ யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் வருகிற இலவசச் சரக்கு. புகார் சொன்னவர் அப்படி எடுத்துத்தான் தன் கடையைப் போட்டிருந்தார். சல்லிக்காசு செலவில்லை. அப்படியானால் 15,000 டாலர் கொடுத்தவர் எதை விலைக்கு வாங்கினார்?